வாசகர் கேள்வி – பதில்: சாவி, முள், பதினேழு கல்

கைக்கடிகாரம் பழுதுபார்க்கப் பழகுவது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். மொரீஷியஸ், ரெயூனியன் தீவுகளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘பிரித்துவிட்டேன், இனி என்ன செய்வது?’ என்ற ரகம். ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் வாட்சுக்கே.

கேள்வி: ஐயா, தாத்தா மதராஸிலிருந்து வாங்கி வந்த எச்.எம்.டி ஜனதா வாட்ச் வீட்டில் இருக்கிறது. அதிகமாகச் சாவி கொடுத்துக் கெட்டுப்போனது என்று பாட்டி சொல்கிறார். அதையே பிரித்துத் தொழில் பழகலாமா?
— கல்லூரி மாணவர், ரோஸ் ஹில்

பதில்: வேண்டாம். ஓடாத வாட்சில் பழகினால், பூட்டி முடித்த பிறகும் அது ஓடாது. பழைய கோளாறா, உங்கள் கை செய்த கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முதலில் நன்றாக ஓடுகிற மெஷினை (வாட்ச் கூட்டுக்குள் இருக்கும் பொறியை) பிரியுங்கள். திரும்பப் பூட்டியதும் முன்போல ஓடினால் கை தேறுகிறது. ஓடாவிட்டால் தவறு உங்களுடையதுதான், எந்தப் படியில் என்று தேடினால் போதும்.

இதற்கு எங்கள் சிபாரிசு எஸ்.டி 36 என்ற சீன மெஷின். சுவிஸ் நிறுவனமான இ.டி.ஏ-வின் 6497 மெஷினின் அமைப்பை ஒட்டி சீகல் ஆலை செய்வது. பாக்கெட் கடிகார வம்சம் என்பதால் 36.6 மில்லிமீட்டர் அகலம், ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும் அளவு. கையால் சாவி கொடுப்பது. தேதி கிடையாது, ஆட்டோமேட்டிக் கிடையாது. வாட்ச்சாக வாங்க வேண்டாம், வெறும் மெஷினாகவே விற்கிறார்கள். எண்ணெய் எதுவும் தொடாமல் ஐந்தாறு முறை பிரித்துப் பூட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். மூன்றாவது முறை படம் பார்க்காமலே கை போகும்.

பாட்டியிடம் ஒன்று சொல்லுங்கள்: அதிகச் சாவியால் வாட்ச் கெடுவதில்லை. ஸ்பிரிங் முழுக்க ஏறியும் வாட்ச் நிற்கிறது என்றால், உள்ளே இருக்கும் விசை சக்கரங்களைத் தாண்டி வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். கழுவி எண்ணெய் இட்டாலே ஓட வாய்ப்புண்டு.

எஸ்.டி 36 கைக்குப் பழகிய பிறகும் தாத்தா வாட்சுக்கு நேரே போகாதீர்கள். ஜனதாவுக்குள் இருப்பது 0231 மெஷின். பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய ஆலையின் தயாரிப்பு. அதே மெஷின் உள்ள பழைய வாட்ச் ஒன்றை இந்தியாவிலிருந்து வரவழைத்து அதில் பழகுங்கள். டயல் புதுப் பெயின்டில் பளபளத்தால், பல வாட்ச்களின் உறுப்புகளைக் கலந்து கட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். பழகவும் உறுப்பு எடுக்கவும் அது போதும். நல்ல விலை கொடுக்காதீர்கள். அதுவரை தாத்தாவின் வாட்ச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இருக்கட்டும்.

கேள்வி: நூற்றைம்பது சாமான் கொண்ட வாட்ச் செட் ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— தையல்காரர், குவாத்ர் போர்ன்

பதில்: அந்தச் செட்டில் நூற்று நாற்பது சாமான் பட்டை கழற்றவும் பேட்டரி மாற்றவும்தான். மெஷினுக்குள் போக அவை உதவாது, திருப்புளியின் இரும்பு முதல் ஸ்க்ரூவிலேயே மழுங்கும். அதே பணத்தில் கொஞ்சமாக, நல்லதாக வாங்குங்கள்.

திருப்புளி 0.8, 1.0, 1.2, 1.4, 1.6 மில்லிமீட்டர். எஸ்.டி 36இல் அதிகம் உழைப்பது 1.2, 1.4 இரண்டும். முனையின் அகலம் ஸ்க்ரூ தலையின் வெட்டோடு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் வெட்டின் உதடு பிய்யும், அகலமாக இருந்தால் சுற்றியுள்ள தகட்டைக் கீறும். முனை தேய்ந்தால் எண்ணெய்க் கல்லில் தீட்டிக்கொள்ளலாம், உங்கள் கத்தரிக்கோல் மாதிரியேதான்.

சாமணம் இரண்டு போதும்: பொது வேலைக்கு 3ஆம் எண், மிக நுண்ணிய வேலைக்கு 5ஆம் எண். கண்ணில் வைக்கும் லென்ஸ் ஐந்து மடங்கு ஒன்று, பத்து மடங்கு ஒன்று. ஐந்து மடங்கில் பொருள் கண்ணிலிருந்து 5 சென்டிமீட்டரில் தெளியும். பத்து மடங்கில் 2.5 சென்டிமீட்டர்தான், இடையில் திருப்புளி நுழையாது. ஆகவே வேலை ஐந்தில், சோதனை பத்தில். பிறகு மெஷினைப் பிடிக்கும் தாங்கி, முள் எடுக்கும் நெம்புகோல் ஒரு ஜோடி, ரப்பர் ஊதி, கூராகச் சீவிய மரக்குச்சி, அழுக்கை ஒற்றி எடுக்கும் ரோடிக்கோ களிமண், விரலுறை. வியர்வைக் கை பட்ட பித்தளையில் இரண்டு நாளில் ரேகை கறுத்துப் பதியும், நம் தீவின் ஜனவரி புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம்.

ஊசியும் நூலும் பழகிய கை உங்களுக்குப் பெரிய முதலீடு. ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். துணியைப் பிடிப்பது போல் சாமணத்தை அழுத்தினால் உறுப்பு ஈ பறப்பது போல் பறந்துவிடும். விழாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பிடி போதும். பழைய மெஷினின் ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஐம்பது முறை மாற்றுங்கள். மேசை விளிம்பில் ஒரு துணியைக் குத்தி அதன் மறுமுனையை மடியில் விரித்துக்கொண்டால் பறந்தது தரைக்குப் போகாது. மின்விசிறியை நிறுத்திவிட்டே உட்காருங்கள்.

கேள்வி: எஸ்.டி 36ஐப் பிரிக்கும்போது பேலட் ஃபோர்க்கை (சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடும் சிறு கவையை) எடுத்தவுடன் சக்கரங்கள் விர்ரென்று சுழன்றன. மறுபடி பூட்டியதும் ஓடவில்லை. ஊதிப் பார்த்தால் ஒரு சக்கரம் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று, சாவித் தண்டைக் கழற்றப் போய் டயல் பக்கத்தில் ஏதோ துண்டு விழுந்துவிட்டது.
— சேந்த் ஆந்த்ரே, ரெயூனியன்

பதில்: இரண்டும் முதல் மெஷினைப் பிரிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள். சிறியதை முதலில் பார்ப்போம். இந்த மெஷினில் சாவித் தண்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்று மட்டுமே தளர்த்த வேண்டும். முழுக்கக் கழற்றினால் அது மறுபக்கம் தாங்கிக்கொண்டிருந்த நெம்புத் தகடு விழுந்துவிடும். உடைந்தது ஒன்றுமில்லை. முள், டயல் எடுத்து அந்தத் தகட்டை அதன் இடத்தில் வைத்து ஸ்க்ரூவைத் திரும்ப ஏற்றுங்கள். டயலைப் பிடித்திருக்கும் இரண்டு பக்க ஸ்க்ரூவுக்கும் இதே விதி: தளர்த்துங்கள், உருவாதீர்கள்.

பெரியது விசை. மெயின்ஸ்பிரிங்கில் (சாவி ஏறும் பெரிய சுருளில்) சாவி இருக்கும்போது அதைத் தடுத்து நிறுத்தியிருப்பது பேலட் ஃபோர்க் ஒன்றுதான். அதை எடுத்ததும் முழு விசையும் ஒரு நொடியில் சக்கரங்கள் வழியே ஓடிவிடும். மயிரிழை போன்ற அச்சு முனைகள் அதில் வளையலாம், முறியலாம், கல்லும் விரியலாம். ஆகவே பேலன்ஸை (இங்கும் அங்கும் ஆடும் சக்கரத்தை) எடுத்த பிறகு, ஃபோர்க்கைத் தொடும் முன், சாவி இறக்க வேண்டும். கிரவுனை (சாவி கொடுக்கும் குமிழை) இரு விரலால் இறுகப் பிடித்து லேசாகச் சாவி கொடுக்கும் திசையில் திருப்புங்கள். பெரிய பல்சக்கரத்தைத் தடுக்கும் கிளிக்கை மரக்குச்சியால் விலக்கிப் பிடித்தபடி, கிரவுனை விரல்களுக்கிடையே மெல்ல மெல்ல நழுவ விடுங்கள். இடையில் விட்டுவிட்டால் சடசடவென்று ஓடும். முடிந்ததும் ஃபோர்க்கை ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். துள்ளாமல் சோம்பலாக நின்றால் விசை இறங்கிவிட்டது.

அசையாத சக்கரத்துக்கு வருவோம். பாலத்தை (சக்கரங்களை மேலிருந்து தாங்கும் தகட்டை) மீண்டும் எடுத்து, ஃபோர்க்கைத் தொடும் எஸ்கேப் சக்கரத்தையும் அடுத்த சக்கரத்தையும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அச்சு முனை இரண்டு பக்கமும் நேராக, மழமழவென்று இருக்க வேண்டும். முறிந்திருந்தால் அந்தச் சக்கரம் மாற்ற வேண்டியதுதான். முனை நன்றாக இருந்தால் பூட்டிய விதத்தில் கோளாறு. எல்லா அச்சும் தம் தம் கல் துளைக்குள் இறங்கும் முன் ஸ்க்ரூவை முறுக்குவதுதான் முனை ஒடிவதற்கு முதல் காரணம், சுழன்ற வேகத்தைவிட இதுவே அதிகம் கெடுக்கிறது. பாலத்தை வைத்து விரலுறை இட்ட விரலால் ஒரு காகிதம் நகராத அளவு அழுத்தம் மட்டும் கொடுங்கள். பக்கவாட்டிலிருந்து குச்சியால் சக்கரங்களை ஒவ்வொன்றாக நெருடுங்கள். கடைசி அச்சும் விழுந்ததும் பாலம் தானே கீழே இறங்கித் தட்டையாக அமரும். அமர்ந்த பிறகே ஸ்க்ரூ. அதையும் அரைச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, சக்கரம் இன்னும் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே முறுக்க வேண்டும்.

பிறகு இரண்டு சோதனை. ஃபோர்க் இல்லாத நிலையில் ‘கிளிக்’ என்று இரண்டு சத்தம் வரும் அளவு சாவி கொடுங்கள். சக்கரங்கள் ஓடி நிற்கும்போது கடைசியில் கொஞ்சம் பின்னோக்கித் திரும்பினால் சக்கரத் தொடர் தடையில்லாமல் ஓடுகிறது. அடுத்து ஃபோர்க்கைப் பூட்டி, மேலும் சில கிளிக் கொடுத்து, அதை ஊசியால் தொடுங்கள். மறுபக்கம் டக்கென்று தாவ வேண்டும். இந்த இரண்டும் தேறாமல் பேலன்ஸைப் பூட்டுவது வீண் வேலை.

சாவிச் சக்கரத்தின் (கிரவுன் வீல்) ஸ்க்ரூ பல மெஷின்களில் இடப்புரி, அதாவது வலப்பக்கம் திருப்பினால் கழல்வது. தலையில் மூன்று கோடு இருந்தால் அது இடப்புரி என்று அடையாளம். வலப்புரி என்று நினைத்துப் பலம் காட்டினால் தலை கையோடு வரும்.

கேள்வி: சுத்தம் செய்து, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு கல்லிலும் ஒரு சொட்டு விட்டேன். ஒரு வாரம் ஓடி நின்றுவிட்டது. எண்ணெய் போதவில்லையா?
— வாக்குவா

பதில்: போதாமை இல்லை, வெள்ளம். கல்லின் மேற்புறம் ஒரு சிறு குழி இருக்கிறது. எண்ணெய் அந்தக் குழியில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. குழி வழிந்தால் எண்ணெய் தகட்டின் மேல் பரவும், பரவும்போது அச்சில் இருந்ததையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதிகம் விட்ட கல்தான் கடைசியில் வறண்டு நிற்கிறது. தையல் எண்ணெய் இயல்பிலேயே பரவுவது, வாட்ச் எண்ணெய் ஒரே இடத்தில் நிற்பதற்கென்று செய்தது. துரு நீக்கும் ஸ்பிரே இன்னும் மோசம், பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

மோபியஸ் என்ற பெயரில் வரும் வாட்ச் எண்ணெய்களில் 9010 மெல்லியது: பேலன்ஸ், எஸ்கேப் சக்கரம், வேகமாகச் சுழலும் கடைசிச் சக்கரங்கள். டி5 கெட்டியானது: மையச் சக்கரம், ஸ்பிரிங் டப்பாவின் அச்சு போன்ற மெதுவான, பாரமான இடங்கள். பேலட் கற்களின் முகத்துக்கு 9415. சாவித் தண்டுக்கும் அதன் நெம்புகளுக்கும் கிரீஸ். பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு எதுவும் இல்லை, வறட்டாகவே விடுங்கள். அங்கே ஓட்டம் மிகக் குறைவு, எண்ணெயின் பிசுபிசுப்பே அதற்குப் பாரமாகிவிடும். பேலன்ஸோடு சேர்ந்த மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் ஒரு துளி பட்டாலும் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்தும்.

இப்போது எல்லாவற்றையும் மறுபடி கழுவித்தான் ஆக வேண்டும். எண்ணெய்ப் பிசினுக்கு லைட்டர் பெட்ரோல், அடுத்து 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஆனால் பேலட் ஃபோர்க்கும் பேலன்ஸும் ஆல்கஹாலில் ஊறக் கூடாது. அவற்றின் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு, ஆல்கஹால் அதைக் கரைக்கும். அந்த இரண்டுக்கும் லைட்டர் பெட்ரோலே போதும். விமானத் தபாலில் இவை வரா, லைட்டர் பெட்ரோல் கடையிலும் ஆல்கஹால் மருந்தகத்திலும் கேளுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும். பூஜை விளக்கோ சாம்பிராணியோ எரியும் அறையில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

கேள்வி: நேற்று வரை சரியாக ஓடிய வாட்ச் இன்று மணிக்கு ஒரு நிமிடம் முந்துகிறது.
— போர்ட் லூயி

பதில்: காந்தம். கைப்பேசி ஒலிபெருக்கி, கைப்பை மூடியின் காந்தம், குளிர்பெட்டிக் கதவு, ஏதோ ஒன்று. திசைகாட்டியின் மேல் வாட்சைக் கொண்டுபோங்கள், ஊசி ஆடினால் சந்தேகமே இல்லை. காந்தம் நீக்கும் சிறு பெட்டியின் மேல் வாட்சை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே கை நீளம் தூரம் விலக்கிய பிறகு பொத்தானை விடுங்கள். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் இன்னும் காந்தமேறும்.

கேள்வி: என் சீக்கோ 5 வாட்சில் கிரவுனை எவ்வளவு திருப்பினாலும் சாவி ஏறவில்லை.
— பே தூ தோம்போ

பதில்: உள்ளே 7எஸ்26 மெஷின் என்றால் கோளாறே இல்லை. அதற்குக் கையால் சாவி கொடுக்கும் வசதி கிடையாது. கட்டிக்கொண்டு நடங்கள்.

கேள்வி: ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் கடலில் குளித்தபோது வாட்சுக்குள் தண்ணீர் போய்விட்டது. அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.
— வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: அரிசியைச் சமைத்துவிடுங்கள். ஈரம் மெல்லப் போகும், உப்பு போகாது. துரு பிடிக்க வைப்பது உப்புதான். முதலில் துருப்பிடிப்பது சாவித் தண்டு, ஸ்க்ரூ, கிளிக் ஸ்பிரிங் முதலிய எஃகுச் சாமான்கள். நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு.

பேட்டரி வாட்சானால் உடனே பேட்டரியை எடுங்கள். சாவி வாட்சானால் பின்மூடியைத் திறந்து மெஷினை எடுத்து, முள்ளும் டயலும் தனியே கழற்றி வையுங்கள். டயலின் எழுத்து ஆல்கஹாலில் கரையும். மெஷினை வடித்த நீரில் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். தண்ணீருக்குப் பயந்து இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம், உப்பை எடுக்க வேறு வழி இல்லை. அடுத்து ஆல்கஹாலில் ஒரு சிறு முக்கு, நீரை விரட்ட. ஊறவிடாதீர்கள், அரக்கு நினைவிருக்கட்டும். ஊதி உலர்த்தி, அன்றே முழுக்கப் பிரிக்க வேண்டும். முடியாதென்றால் இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் லைட்டர் பெட்ரோலுக்குள் அமிழ்த்தி வைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். காற்றுப் படாதவரை துரு ஓடாது.

வாட்சில் 30 மீட்டர் என்று பொறித்திருப்பது கை கழுவும்போது தெறிப்பதற்கு. அதை நம்பிக் கடலில் இறங்க முடியாது. பின்மூடியின் ரப்பர் வளையம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தட்டையாகியிருக்கிறதா, விரிசலா என்று பார்த்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லத் தடவி மூடுங்கள். கியூர்பிப் மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பனி படர்கிறது என்று எழுதியிருந்த இரண்டு வாசகர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: பேட்டரி மாற்றியதும் ஓடவில்லை. பழைய பேட்டரியில் 377 என்று இருந்தது, கடைக்காரர் எல்.ஆர் 626 கொடுத்தார்.
— கூட்லாண்ட்ஸ்

பதில்: 377 என்பது எஸ்.ஆர் 626 எஸ்.டபிள்யூ, வெள்ளி ஆக்ஸைடு, 1.55 வோல்ட், கடைசி வரை அதே வோல்ட். எல்.ஆர் அதே அளவு, ஆனால் ஆல்கலைன். வோல்ட் சரிந்துகொண்டே போகும், சீக்கிரம் கசியும். ஆனால் புதிதாகப் போட்ட எல்.ஆரிலும் வாட்ச் ஓடியிருக்க வேண்டும். அப்படியானால் பேட்டரியை வைக்கும்போது திருப்புளி வழுக்கிச் செம்புச் சுருளைத் தொட்டிருக்கலாம். அந்தக் கம்பி தலைமயிரைவிட மெல்லியது, ஒரு கீறலில் அறும். லென்ஸில் சுருளைப் பாருங்கள். அறுந்திருந்தால் ஒட்ட முயலாமல் மெஷினையே மாற்றுங்கள். மியோட்டா 2035 போன்றவை சுருளைத் தேடி அலைவதைவிட மலிவு. அடுத்த முறை பிளாஸ்டிக் சாமணம். இரும்புச் சாமணம் பேட்டரியின் இரு பக்கத்தையும் இணைத்து அதன் மின்சாரத்தை வடித்துவிடும்.

கேள்வி: என் பழைய வாட்சில் ‘17 கல்’ என்று எழுதியிருக்கிறது. உண்மையான மாணிக்கமா? பிரித்து விற்றால் ஏதாவது தேறுமா?
— ஓய்வுபெற்றவர், மாயேபூர்

பதில்: செயற்கை மாணிக்கம், ஒரு டீ விலைகூடத் தேறாது. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னெய் 1902இல் வெளியிட்ட முறையில் அலுமினியம் ஆக்ஸைடு பொடியைச் சுடரில் உருக்கி வளர்ப்பது. எஃகு அச்சு எஃகில் சுழன்றால் இரண்டும் தேயும், கல்லில் சுழன்றால் வழுக்கும். கணக்கு இது: பேலன்ஸுக்கு 5, பேலட் ஃபோர்க்குக்கு அச்சில் 2, முகத்தில் 2, எஸ்கேப், நான்காம், மூன்றாம், மையச் சக்கரங்களுக்கு இரண்டிரண்டாக 8. பதினேழு. ஆட்டோமேட்டிக்கில் கூடுதல் சக்கரங்கள் உண்டு, ஆகவே 21, 24.

உங்கள் ஊர்ச் செய்தி ஒன்று. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வருவதற்கு முன்பே, 1960களின் நடுவில், சுவிஸ் ஆலைகளுக்காக இந்தக் கற்களைத் துளையிட்டுக் கொடுக்கும் பட்டறை மொரீஷியஸில் தொடங்கிவிட்டது. சர்க்கரையைத் தவிர வேறு ஏற்றுமதி அவ்வளவாக இல்லாத காலம்.

கேள்வி: பேலன்ஸ் பாலத்தில் ‘ஏ’, ‘ஆர்’ என்று இரண்டு எழுத்து. வாட்ச் நாளுக்கு 40 நொடி பிந்துகிறது. எந்தப் பக்கம் தள்ளுவது?
— ரிவியேர் து ராம்பார்

பதில்: நீங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சுதான்: ஆவான்ஸ் (முந்து), ரெத்தார் (பிந்து). பிந்தினால் அந்த எழுத்துகளுக்கு இடையே உள்ள நெம்பை ‘ஏ’ பக்கம் தள்ள வேண்டும். சுவிஸ் உறுப்புப் பட்டியல்களில் வரும் பாலான்சியே, ஆங்க்ர், ரோஷே எல்லாம் உங்களுக்கு அகராதி இல்லாமலே புரியும்; சென்னை வாசகருக்கு அந்த வசதி இல்லை.

தள்ளும் முன் கைப்பேசியில் வாட்ச் ஒலியை அளக்கும் செயலி ஒன்றில், அல்லது அதே வேலை செய்யும் கருவியான டைம்கிராஃபரில் பாருங்கள். லிஃப்ட் ஆங்கிள் என்ற இடத்தில் எஸ்.டி 36க்கு 44, சீக்கோ 7எஸ்26க்கு 53 என்று கொடுக்க வேண்டும். முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி இருக்க, பேலன்ஸின் வீச்சு 270 முதல் 300 பாகைக்குள் இருந்தால் நெம்பைத் தொடலாம். 200க்குக் கீழ் என்றால் கழுவுவதுதான் வழி. அழுக்கு வாட்சை நெம்பால் திருத்தினால் ஒரு மாதத்தில் மறுபடி விலகும்.

பாலத்தில் இரண்டு நெம்பு தெரிந்தால் ஹேர்ஸ்பிரிங்கின் வெளி நுனி பூட்டிய நெம்பைத் தொடாதீர்கள், அது டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள சமநிலைக்கானது. மற்ற நெம்பை மரக்குச்சியால் மயிரிழை நகர்த்தி, ஒரு நிமிடம் பொறுத்து அளவைப் பாருங்கள். அதற்கு மேல் போய்விட்டால் பாதி தூரம் திரும்புங்கள். டயல் மேல், டயல் கீழ், கிரவுன் கீழ் என்று மூன்று நிலையிலும் எழுதி வைத்துக்கொண்டு நடுவளவுக்கு நிறுத்துங்கள். கட்டிக்கொண்டு திரியும்போது சில நொடி முந்துவது போல் விட்டுவைப்பது நல்லது. பேருந்தைத் தவறவிடாமல் இருப்பீர்கள்.